ஆறு மாத ஒப்பந்தம்

கூடைப்பந்து நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு நம் நாட்டில் கிடைக்கும் பெரிய பரிசு ஒரு குமாஸ்தா நாற்காலி. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் அப்படியொரு நாற்காலியில் உட்கார்ந்தவன் நான், அதன் அருமை தெரியும். தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., வருமான வரி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று சென்னையின் பெயர்பெற்ற அணிகள் பலவும் அலுவலகங்களின் பெயரில்தான் ஆடிவந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவர் காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். எங்கள் செக்‌ஷனிலும் ஒருவர் இருந்தார். ஆறடி இரண்டு அங்குலம். மேல் ரேக்கில் உள்ள ஃபைலை ஸ்டூல் போடாமல் எடுத்துத் தருவார் என்பதுதான் அவரைப் பற்றி எங்களுக்கு இருந்த உயர்ந்த அபிப்பிராயம். முப்பத்து நாலு வயதில் முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகும் எங்களோடு இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றார். இன்றைக்கும் மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. முழங்காலுக்கு சி.ஜி.எச்.எஸ். மாத்திரையும் வருகிறது.

அமெரிக்கக்காரனுக்கு இந்த வசதி கிடையாது. இந்த விளையாட்டே அவன் நாட்டில் பிறந்தது. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக் கூடைகளை ஆணியடித்து மாட்டி ஆரம்பித்தார். அங்கே கல்லூரிக்குக் கல்லூரி இதற்கென்று பெரிய அரங்கம் உண்டு. ஆனால் படித்து முடித்து வெளியே வந்தால் என்.பி.ஏ.வில் 30 அணி, அணிக்கு 15 பேர், மொத்தம் 450 இடம். பெண்களுக்கு 1997-ல் ஆரம்பித்த டபிள்யூ.என்.பி.ஏ.வில் வெகுகாலம் 12 அணி, அணிக்கு 12 பேருக்கு மேல் கிடையாது. 144 இடம். எங்கள் பாஷையில் சொன்னால் 'சாங்க்‌ஷன்டு ஸ்ட்ரெங்த்' அவ்வளவுதான். அதுவும் யாராவது காலி செய்தால்தான் அடுத்தவர் உள்ளே நுழைய முடியும். மீதிப் பேர் என்ன செய்வார்கள்? பெட்டியைக் கட்டிக்கொண்டு இத்தாலி, துருக்கி, இஸ்ரேல், சீனா, பிலிப்பைன்ஸ் என்று கிளம்புவார்கள். பிலிப்பைன்ஸில் அப்படி வருகிறவருக்கு 'இம்போர்ட்' என்றே பெயர். சரக்குக் கப்பலில் வந்து இறங்கியவர் மாதிரி.

இந்தப் பிழைப்பின் காகித வேலைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். ஒரு நாட்டுக் கூட்டமைப்பிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய் ஆடவேண்டும் என்றால், பழைய இடத்திலிருந்து 'இவரைப் பற்றி எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று ஒரு கடிதம் வரவேண்டும். அது வராமல் எத்தனை உயரமானவரும் களத்தில் இறங்க முடியாது. நம் எல்.பி.சி.யேதான்! டிரான்ஸ்ஃபரில் போனவரின் கடைசிச் சம்பளச் சான்றிதழ் வந்து சேராமல் புது ஆபீசில் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் தவித்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சம்பள பாக்கி விவகாரமும் அங்கே அதிகம். கிளப் நஷ்டத்தில் போனால் முதலில் நிறுத்துவது வெளிநாட்டுக்காரன் சம்பளத்தை. இந்த வழக்குகளுக்கென்றே 2007-ல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றம் வைத்தது.

எனக்கு இதெல்லாம் அறிமுகமானது என் பாண்டிச்சேரிப் பள்ளித் தோழன் ஒருவன் மூலம். நாங்கள் இருவரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். பள்ளி மைதானத்தில் இரண்டு கம்பங்கள் நட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் அதை 'பாஸ்கெத்' என்போம். மெட்ராஸ் பையன்கள் 'பாஸ்கெட்பால்' என்று சொல்வதைக் கேட்டு, பால் எங்கேயிருந்து வந்தது என்று சிரித்திருக்கிறோம். 1962 ஆகஸ்டில் ஒப்படைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. பெரியவர்கள் போட்ட கையெழுத்து, பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அவன் வயது வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து 'சொல்தா' ஆனான். நான் மத்திய அரசுப் பரீட்சை எழுதி எல்.டி.சி. ஆனேன்.

பட்டாளத்தை விட்ட பிறகு அவன் லிமோஜ் என்ற ஊரில் குடியேறினான். பீங்கானுக்குப் பேர்போன சின்ன ஊர். 1993 ஏப்ரலில் அவனிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஊர்ப் பத்திரிகையின் முழுப் பக்கம். ஏதென்ஸில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லிமோஜ் அணி இத்தாலியின் திரெவீசோ அணியை 59–55 என்று வென்றுவிட்டது. மார்சேய் கால்பந்து அணி ஐரோப்பியக் கோப்பை வாங்கியதற்கு ஆறு வாரம் முன்னால். பக்கத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு அமெரிக்கரின் படத்தைப் பேனாவால் வட்டமிட்டிருந்தான். மைக்கேல் யங். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒலாஜுவான், டிரெக்ஸ்லர் என்ற இரண்டு மகா ஆட்டக்காரர்களோடு ஒரே அணியில் இருந்தவர். 1984-ல் பாஸ்டன் அணி அவரைத் தேர்ந்தெடுத்தும் அமெரிக்காவில் நிலைக்கவில்லை. கூட ஆடிய இருவரும் உலகப் புகழ் பெற்றார்கள். இவர் கடல் தாண்டிப் போய், பீங்கான் ஊரில் சாமியானார்.

தோழன் அந்தப் படத்துக்குக் கீழே பிரெஞ்சில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கடைக்காரன் இவனிடம் காசு வாங்குவதில்லை. என்னிடம் முப்பது வருஷமாக அடையாள அட்டை கேட்கிறார்கள்." அந்த இரண்டு வரியை நான் அப்புறம் பல தடவை நினைத்திருக்கிறேன். தோழனிடம் அந்த நாட்டின் பாஸ்போர்ட் இருந்தது. அந்த நாட்டுக்காக வடக்கு ஆப்பிரிக்க வெயிலில் நின்றவன். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தவனுக்குக் கிடைத்த மரியாதை அவனுக்கு இல்லை. அதே சமயம், அடுத்த வருஷம் கோப்பை போனால் அந்த அமெரிக்கனுக்கு விமான டிக்கெட்தான் கிடைக்கும், தோழனுக்குப் பென்ஷன் நிற்காது. இதையும் அவனுக்கு எழுதினேன். பதில் எழுதும்போது அந்த விஷயத்தைத் தொடவே இல்லை, மாங்காய் ஊறுகாய் கேட்டிருந்தான்.

வெளிநாட்டில் போய் வாழ்ந்துகாட்டியவர்களும் உண்டு. ஸ்டெஃபன் மார்பரி என்.பி.ஏ.வில் பெரிய சம்பளமும் பெரிய தகராறுமாக இருந்தவர். 2010-ல் சீனாவுக்குப் போனார். பெய்ஜிங் அணிக்கு 2012, 2014, 2015 என மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்தார். அவருக்கு அங்கே சிலை வைத்தார்கள். ஆனால் ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான் சிலை. அவரைக் காட்டி யாரையும் விமானம் ஏற்றக் கூடாது.

பெண்களின் கதை வேறு. ஆண்களில் உள்ளூரில் இடம் கிடைக்காதவர்கள் வெளியே போனார்கள். பெண்களில் முதல் வரிசைக்காரர்களே போனார்கள். காரணம் சம்பளம். ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகரத்தில் ஒரு கிளப். செம்பு உருக்கும் பெரிய கம்பெனி ஒன்று அதை நடத்தியது. டயானா தவுராசி என்ற அமெரிக்கப் பெண் அங்கே ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 15 லட்சம் டாலர் வாங்கினார் என்று பத்திரிகைகள் எழுதின; அமெரிக்க அணியில் அவருக்குக் கிடைத்தது ஒரு லட்சத்துச் சொச்சம். 2015-ல் அந்தக் கிளப் இன்னொரு வேடிக்கையும் செய்தது: "நீ கோடையில் அமெரிக்காவில் ஆடவேண்டாம், ஓய்வெடு, அந்தச் சம்பளத்தையும் நாங்களே தருகிறோம்" என்றது. ஈட்டிய விடுப்பைக் காசாக்குவது நமக்குத் தெரியும். வேறொருவனிடம் வேலை பார்க்காமல் இருப்பதற்குச் சம்பளம் என்பதை என் சர்வீஸில் கேட்டதில்லை.

அதே கிளப்பில் ஆடியவர் பிரிட்னி கிரைனர். ஆறடி ஒன்பது அங்குலம், மூன்று ஒலிம்பிக் தங்கம். கோடையில் ஃபீனிக்ஸ், குளிர்காலத்தில் யெகாதெரின்பர்க் என்று வருஷக்கணக்கில் போய்வந்தார். சொந்த ஊர் சம்பளம் போதாதவர் என்று நாம் சொன்னால் சிரிப்பார்கள், ஆனாலும் அங்கே கிடைத்தது இங்கே கிடைத்ததைப் போலப் பல மடங்கு. 2022 பிப்ரவரி 17-ம் தேதி மாஸ்கோ விமான நிலையத்தில் அவர் பெட்டியில் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள் இருந்ததாகப் பிடித்தார்கள். மிகச் சிறிய அளவு, மருத்துவர் சொல்லி எடுத்துக்கொள்வது என்றார். ஒரே வாரத்தில் உக்ரைன் போர் மூண்டது. அப்புறம் அவர் விளையாட்டு வீராங்கனை இல்லை, பேரத்தில் ஒரு காய். ஆகஸ்டில் 9 வருஷத் தண்டனை. மொர்தோவியாவில் ஒரு பெண்கள் சிறையில் சீருடை தைக்கும் கூடம். அவர் உயரத்துக்குத் தையல் மேஜை ஒத்துவராமல் துணி சுமக்கும் வேலை கொடுத்தார்களாம். டிசம்பர் 8-ம் தேதி அபுதாபி விமான நிலையத்தில், ஒரு ரஷ்ய ஆயுத வியாபாரிக்குப் பதிலாக அவரை மாற்றிக்கொண்டார்கள். பத்து மாதம். இனி நாட்டுக்காக ஒலிம்பிக் என்றால் ஒழிய வெளிநாட்டில் ஆடமாட்டேன் என்று திரும்பி வந்ததும் சொன்னார். அந்த அனுபவத்துக்குப் பிறகு அங்கே வீராங்கனைகளே சேர்ந்து குளிர்காலத்தில் வீட்டோடு ஆட ஒரு போட்டித் தொடரை 2025 ஜனவரியில் மயாமியில் ஆரம்பித்தார்கள். அதில் கிரைனரும் ஆடினார்.

அவர் செய்தது தப்பா என்று எங்கள் நடைப்பயிற்சிக் கோஷ்டியில் அப்போது ஒரு வாரம் விவாதம் நடந்தது. அந்நிய நாட்டுச் சட்டத்தை மதிக்கவேண்டாமா என்பது ஒரு கட்சி. நான் கேட்டது வேறு: அவ்வளவு பெரிய ஆட்டக்காரி குளிரில் யெகாதெரின்பர்க் போகவேண்டிய அவசியம் ஏன் வந்தது?

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றுவதற்குக் கும்மிடிப்பூண்டியில் குடியிருப்பதும் காரணமாக இருக்கலாம். மகனுக்கு சிப்காட்டில் வேலை, அதனால் நாங்கள் இங்கே. சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் போனால் ஒடியா, இந்தி, போஜ்புரி எல்லாம் காதில் விழும். இரும்பு உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் வேலை பார்க்க வந்த பையன்கள். ஒரு அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். அவர்களும் ஒப்பந்தம்தான், அவர்களுக்கும் ஊரில் கிடைப்பதைவிட இங்கே இரண்டு மடங்கு. தண்டவாளத்தைத் தாண்டி டீக்கடையில் ஒரு ஒடிசாப் பையனோடு எனக்குப் பழக்கம். ஓட்டை இந்தியில் பேசிக்கொள்வோம். கையில் சூடு பட்டு ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. காண்டிராக்டர் வைத்தியத்துக்கு முதல் நாள் மட்டும் பணம் கொடுத்தார், அவனுடைய ஆதார் அட்டை அசலையும் திருப்பித் தரவில்லை. அது இல்லாமல் வேறிடத்திலும் சேரமுடியாது. அவனுக்கு ஆட்சேபணையில்லாக் கடிதம் கொடுக்க எந்த உலகக் கூட்டமைப்பு இருக்கிறது, வழக்குப் போட எந்த ஜெனீவா இருக்கிறது? கோடீஸ்வர ஆட்டக்காரரையும் இவனையும் ஒரே தட்டில் வைக்காதே என்பான் என் மகன். சம்பளத்தில் வைக்கவில்லை. காயம் பட்ட மறுநாள் யார் பொறுப்பு என்பதில் வைக்கிறேன்.

நம் பக்கத்திலிருந்து அந்தப் பாதையில் போய்ப் பார்த்தவர் கீத்து அன்னா ஜோஸ். கேரளத்தில் பிறந்தவர் என்றாலும் தெற்கு ரயில்வேக்காக ஆடியதால் நம்மூர்க்காரி என்று உரிமை கொண்டாடலாம். ஆறடி இரண்டு அங்குலம். முதலில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவரைக் கூடைப்பந்துக்கு இழுத்தார்கள். 2006-ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பர்ன் புறநகரான ரிங்வுட் அணியில் சேர்ந்து மூன்று பருவம் ஆடினார். 2009-ல் ஆசிய மகளிர் போட்டி சென்னை நேரு உள்ளரங்கில் நடந்தபோது நானும் ஒருநாள் மின்சார ரயில் பிடித்துப் போய்ப் பார்த்தேன். கூட்டம் அதிகமில்லை. சீனப் பெண்கள் சுவர் மாதிரி நின்றார்கள். கோப்பையும் அவர்களுக்குத்தான் போயிற்று. நம் அணியில் பந்து எங்கே சுற்றினாலும் கடைசியில் கீத்துவைத் தேடித்தான் வந்தது. இத்தனைக்கும் அமெரிக்கர் ஒருவர், ஹாரி குரோ பக், நெய்ஸ்மித்தின் அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்துவிட்டு வந்து, 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்துவிட்டார். அவர் அங்கேயே இருந்து, 1943-ல் இறந்து, இந்த மண்ணிலேயே அடக்கமானார். நூறு வருஷ வித்து. மரம் ஏனோ அலுவலகக் காம்பவுண்டுக்குள்ளேயே வளர்ந்தது.

2011-ல் கீத்துவை சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ மூன்று அணிகளும் சோதனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டன. இந்தியப் பெண் ஒருத்திக்கு அப்படி அழைப்பு வந்தது அதுதான் முதல் தடவை. எந்த அணியும் எடுக்கவில்லை. 144 இடம் என்று மேலே சொன்னேனே, அது அவ்வளவு நெருக்கடி. திரும்பி வந்தார், இந்தியாவுக்கு ஆடினார், 2014-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. சோதனையில் தேறாத அமெரிக்கப் பெண் அடுத்த விமானத்தில் துருக்கிக்கோ போலந்துக்கோ போயாகவேண்டும். கீத்துவுக்கு ரயில்வே இருந்தது. அவரோடு ஆடிய அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேதான். பதினெட்டு வருஷம் இந்தியாவுக்கு ஆடி, நடுவில் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்து ஆடி, 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். ஒப்பந்தத்தில் இருந்திருந்தால் பிள்ளை பெற்ற வருஷத்தில் யார் சம்பளம் கொடுத்திருப்பார்கள்?

இவ்வளவும் நான் தேடிப் படித்ததற்கு வீட்டில் ஒரு காரணம் இருக்கிறது. என் பேத்திக்கு இருபது வயது, ஐந்தடி பதினொன்று. சென்னையில் கல்லூரி அணியில் ஆடுகிறாள். அவளுக்கு மாலத்தீவில் ஒரு கிளப்பிலிருந்து மூன்று மாதம் வந்து ஆடக் கேட்டிருக்கிறார்கள். பிடித்திருந்தால் ஆறு மாதமாக நீட்டிப்பார்களாம். அதே மாதங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வு வரும்போலிருக்கிறது. மகனும் மருமகளும் ரயில்வே என்கிறார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் நாற்காலியின் பக்கம்தான் பேசுவேன் என்று.

"நீங்க வாங்குற பென்ஷன் எனக்கும் வருமா தாத்தா?" என்றாள் பேத்தி.

அதற்கு உண்மையைத்தான் சொல்லவேண்டியிருந்தது. 2004 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு நம் பழைய பென்ஷன் இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து வேறொரு திட்டம் வந்திருக்கிறது. 25 வருஷம் சர்வீஸ் போட்டால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி என்கிறார்கள், ஆனால் அதற்கு அவள் சம்பளத்திலும் மாதாமாதம் பிடிப்பார்கள். என் நாற்காலியும் அவளுக்குக் கிடைக்கப்போகும் நாற்காலியும் ஒரே கடையில் வாங்கியவை இல்லை. இதை நான் சொன்னதும் மருமகளுக்குக் கோபம். "மாமா, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்றாள்.

எந்தப் பக்கமும் பேசமாட்டேன், ஒப்பந்தத்தை மட்டும் கொடுங்கள், படித்துப் பார்க்கிறேன் என்றேன். இரண்டே பக்கம், இங்கிலீஷில். பழைய வழக்கப்படி சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சம்பளம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருந்தன. நான் ஓரத்தில் மூன்று குறிப்பு எழுதினேன். ஒன்று, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? இரண்டு, நடுவில் அனுப்பிவிட்டால் திரும்பிவரும் டிக்கெட் யார் செலவு? மூன்று, ஆடும்போது அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, எத்தனை நாள் வரை? பேத்தி அதை அப்படியே டைப் செய்து அனுப்பினாள். இப்படிக் கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்று பயந்தாள். பார்த்துக்கொள்ளட்டும் என்றேன்.

நாலு நாளில் பதில் வந்தது. பாஸ்போர்ட் ஆட்டக்காரர் கையிலேயே இருக்கும். டிக்கெட் கிளப் செலவு, எழுதித் தருகிறோம் என்றார்கள். மூன்றாவதற்கு, 'நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்கிறோம்' என்றிருந்தது. அந்த வாக்கியத்தை நானே முப்பத்தைந்து வருஷம் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன், அதனால் பத்து நாள் பொறுத்து நினைவூட்டுக் கடிதம் போடச் சொன்னேன். போட்டிருக்கிறாள். ரயில்வே விண்ணப்பத்துக்கான சான்றிதழ்களையும் பக்கத்திலேயே எடுத்து வைத்திருக்கிறாள். இன்றைக்கு வியாழக்கிழமை, இதுவரை பதில் வரவில்லை.